மரியம் தன் தம்பியை வரவழைத்த கதை

ராயபுரத்தில் மரியம் என்ற பெயரில் ஒரு டஜன் பேராவது இருந்திருப்பார்கள். ஆனால் கோணி மரியம் ஒருத்திதான். ரயில் நிலையத்துக்குப் பின்புறக் கிடங்குகளில், கப்பலிலிருந்து இறங்கும் அரிசி, கோதுமை மூட்டைகளின் கிழிசலைத் தைப்பது அவள் பிழைப்பு. காலை ஏழு மணிக்குக் கோணியூசியும் சணல் கண்டுமாகப் புறப்பட்டால் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வீடு. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கிடங்கு மேஸ்திரி அவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கமாகப் போவார். ஆனால் தெருவில் ஒரு பிரசவம் என்றாலும் மவுத்து என்றாலும் யாரும் கூப்பிடாமலே முதலில் வந்து நிற்பவள் அவள்தான்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் புருஷன் காலராவில் போய்விட்டான். அத்தாவிடமே, தகப்பன் வீட்டுக்கே, திரும்பினாள். மறு வருஷமே தாயும் கண்ணை மூட, ஆறு வயசுத் தம்பி அமீர் அவள் கையில் வந்து சேர்ந்தான். அவளுக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வருஷ வித்தியாசம். மறுபடி நிக்காஹ் பேசி வந்தவர்களிடம், "என் தம்பிக்கு யாரு சோறு போடுவா? ஒங்க ஆத்தாவா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் ஒருத்தரும் வரவில்லை.

அத்தா அப்துல் வஹாப் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச்சு ஓட்டி ரிட்டையரானவர். முப்பத்தோரு வருஷ வேலையில் உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள் லீவு போட்டவரில்லை. அதைத் தினமும் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார்.

அமீர் நன்றாகப் படித்தான். கணக்கு என்றால் அவனுக்குக் கற்கண்டு. அந்தச் சமயத்தில் கராச்சியில் தோல் வியாபாரம் செய்துகொண்டிருந்த தாய்மாமன் ரஹீம் ஒரு கடிதம் போட்டார். அங்கே என்ஜினீயரிங் பள்ளியில் மூன்று வருஷப் படிப்புக்கு இடம் வாங்கித் தருவதாகவும், தன் வீட்டிலேயே தங்கிப் படிக்கலாம் என்றும் எழுதியிருந்தார். வஹாபுக்கு மனசில்லை. மரியம்தான் பிடிவாதம் பிடித்தாள். "நீ கையெல்லாம் கிரீஸாக்கிகினு வின்ச்சு ஓட்டுனது போதும் அத்தா. என் தம்பி அந்த வின்ச்சையே செய்யட்டும்" என்றாள்.

1947 ஜூன் மாதம் அமீர் சென்ட்ரலில் ரயிலேறினான். பம்பாய் போய், அங்கிருந்து கப்பலில் கராச்சி. டிக்கெட்டைத் தவிர வேறு ஒரு காகிதமும் அவனிடம் யாரும் கேட்கவில்லை. திருநெல்வேலிப் பையன் மதராசுக்குப் படிக்க வருவது மாதிரிதான் அதுவும். இரண்டே மாதத்தில் நாடு இரண்டாயிற்று. அமீர் உட்கார்ந்திருந்த பெஞ்சை விட்டு நகரக்கூட இல்லை. ஆனால் அவன் அயல்நாட்டில் படிக்கிற மாணவனாகிவிட்டான்.

உடனே திரும்பி வந்திருக்கலாமே என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். கேட்பதற்கென்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறோம்! வழியெல்லாம் கலவரம். படிப்போ பாதியில். மாமன், முடித்துவிட்டே போகட்டும் என்றார். மரியமும் அதையேதான் சொல்லி அனுப்பினாள். படிப்பை முடித்தால் யார் அவனைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

1950 மே மாதக் கடைசியில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு சுகிர்தம் டீச்சர்தான் படித்துச் சொன்னாள். மரியத்துக்கு எழுத்து வாசனை கிடையாது. முதல் வகுப்பில் தேறிவிட்டதாக எழுதியிருந்தான். ஊருக்கே வந்து வேலை செய்து குடியிருக்க, அங்கிருக்கும் இந்திய ஆபீசில் பர்மிட் கேட்டு எழுதிப் போட்டிருப்பதாகவும், அதற்கு மதராஸ் போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் என்றும், மூன்று நாலு மாசம் ஆகும், பொறுமையாக இருங்கள் என்றும் எழுதியிருந்தான்.

பொறுமை! மரியத்திடம் அந்தச் சரக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஜூன் பாதி தாண்டியதும் ஜார்ஜ் வந்தார். கப்பல் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். வஹாபின் பழைய தோஸ்து. அவர் பட்டறையில் ஒரு வேலை காலி. படம் போடத் தெரிந்த, இயந்திரம் தெரிந்த பையன் வேண்டுமாம்.

"நம்ம அமீருக்குன்னே அளவெடுத்துத் தெச்சா மாதிரி கீது மாமு. தொரைகிட்டக் கேட்டேன். ஜூலை பதினஞ்சுக்குள்ள ஆள் வந்து நிக்கணும்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல என்னால தள்ள முடியாது" என்றார் ஜார்ஜ்.

அன்றைக்கு மரியத்துக்குக் கிடங்கில் வேலையே ஓடவில்லை. மூன்று வருஷமாக அவள் கேட்ட துஆவெல்லாம் இந்த ஒன்றுக்குத்தான். தம்பி இந்தத் தெருவில், இந்த வீட்டில் இருந்துகொண்டு, சத்தம் கேட்கிற தூரத்தில் வேலைக்குப் போய்வர வேண்டும். வேலை வாசலுக்கு வந்து நிற்கிறது. இவன் என்னடாவென்றால் நாலு மாசம் என்கிறான். மறுநாள் காலையில் சுகிர்தத்தைத் தபாலாபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அப்பா அபாயம், உடனே புறப்படு என்று இங்கிலீஷில் தந்தி எழுதச் சொன்னாள்.

சுகிர்தம் பேனாவைத் திறக்காமல் நின்றாள். "மரியம், நல்லா நடமாடிக்கிட்டிருக்கிற மனுசனைப் பத்தி இப்படி எழுதலாமா? பாவமில்லையா?"

"அட, நீ ஒண்ணு டீச்சரம்மா! வேலைக்கு வாடான்னு தந்தி அடிச்சா எந்த ஆபீஸ்காரன் அசைவான்? சீரியஸ்னு அடிச்சாத்தான் கண்ணத் தொறந்து பர்மிட்ட நீட்டுவான். ஊர்ல யாரு அடிக்கல? எழுது சொல்றேன்."

அவள் சொன்னதும் பொய்யில்லை. அந்த நாளில் வடக்கு மதராசிலிருந்து போன தந்திகளில் பாதி அப்படிப்பட்டவைதான். பட்டாளத்துப் பிள்ளைக்கு லீவு கிடைக்க வேண்டுமா, கோபித்துக்கொண்டு போன மருமகன் திரும்ப வேண்டுமா, உடனே ஆத்தாளோ அப்பனோ சீரியஸாகிவிடுவார்கள். ஆள் பதறியடித்து வந்து பார்த்தால் வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்துக்கொண்டு சாப்பிட உட்காருவார்கள். மரியமும் அந்தச் சாப்பாட்டைத்தான் மனசில் வைத்திருந்தாள். கேட்டிருக்கும் அதே பர்மிட் சீக்கிரம் வரும் என்று நினைத்தாளே தவிர, பர்மிட்டில் இரண்டு ஜாதி உண்டு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

ஜூன் இருபத்தாறாம் தேதி, முற்பகல். வஹாப் தெருவில் மீன்காரியின் கூடைக்கு முன்னால் குந்திக்கொண்டு மடவையைப் புரட்டிப் புரட்டிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. அழுது வீங்கிய முகத்தோடு அமீர் இறங்கினான். அத்தாவின் முதுகைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவர் திரும்பி, "அட, வந்துட்டியாடா!" என்று எழுந்ததும், மீன்வாடை அடிக்கும் அந்தக் கைகளைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அவன் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது.

செய்தி கிடங்குக்குப் போய், மரியம் ஓட்டமாக ஓடி வந்தாள். "இன்னாடா பாக்கிற? அத்தா முறுக்கா கீறாரேன்னா? நான்தான்டா தந்தி அடிக்கச் சொன்னேன்! ஜார்ஜ் மாமா ஒனக்கு வேலை வெச்சிகினு கீறாரு. பதினஞ்சாந்தேதிக்குள்ள சேரணும். இப்ப இன்னா சொல்றே?" என்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

அமீர் அவளையே பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். அன்றைக்கு மரியம் பிரியாணி செய்தாள். தம்பி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மூன்று வருஷத்துக் கதையையும் ராத்திரிவரை சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சந்தோஷத்தை ஒரு நாளாவது கெடுக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறான், பாவம்.

மறுநாள் காலையில், ஜார்ஜைப் பார்க்கப் போகப் புதுச்சட்டையை எடுத்து வைத்தபோதுதான் சொன்னான்.

"அக்கா, நான் வேலையில சேர முடியாது."

"ஏன், வேலை ஒனக்குக் கம்மியா?"

"அது இல்லக்கா. தந்தி வந்தவுடனே பர்மிட் ஆபீசுக்கு ஓடினேன். குடியிருக்கிற பர்மிட்டு விசாரணை முடியாம தர முடியாதுன்னாங்க. அப்பாவை உயிரோட பாக்கணும்னா தற்காலிகப் பர்மிட்டு நாளைக்கே தர்றோம்னாங்க. அத வாங்கிகினுதான் வந்தேன். ரெண்டு மாசம். வேலை எதுலயும் சேர மாட்டேன், என் ஊரு கராச்சி, திரும்பிப் போயிடுவேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். அத்தா மூஞ்சியைப் பாத்தா போதும்னு இருந்துச்சு. எதுல வேணா கையெழுத்துப் போட்டிருப்பேன்."

மரியத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துகொண்டாள். 

அடுத்த வாரம் இருவரும் எழும்பூரில் பர்மிட் விஷயம் பார்க்கும் அதிகாரியிடம் போனார்கள். வயசானவர், மரியாதையாக உட்காரச் சொன்னார். காகிதத்தை இரண்டு பக்கமும் படித்தார்.

"தம்பி, பார்த்துட்டுப் போறதுக்கு ஒரு பர்மிட், வந்து குடியிருக்கிறதுக்கு ஒரு பர்மிட். நீங்க வாங்கினது முதல் ரகம். இங்க இருந்துக்கிட்டே அதை மாத்த முடியாது. படிப்பு முடிஞ்சு வேலை கெடைச்சிருக்குங்கறீங்க, சந்தோஷம். ஆனா இந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு நீங்க ஒரு நாள் கூலிக்குப் போனாலும் குத்தம்."

மரியம் எழுந்து நின்றாள். "சார், தப்பு எம்மேலதான் சார். எங்க அத்தாவுக்கு ஒண்ணுமே இல்ல. அந்தத் தந்தி..."

அமீர் அவள் கையை அழுத்தினான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, கொஞ்சம் இருங்க. நீங்க சொல்ல வர்றதைச் சொல்லிட்டீங்கன்னா நான் எழுதியாகணும். எழுதினா, பொய்க் காரணம் காட்டிப் பர்மிட் வாங்கினதா ஆகும். ஜெயிலுக்குப் போறது நீங்க இல்ல, இந்தப் பையன். நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. முதல்ல கொடுத்த மனு இன்னும் உயிரோட இருந்தா அதுல ஏதாவது வழி பிறக்கும். போயிட்டு வாங்க."

தப்பை ஒப்புக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்று, "என்னைத் திட்டுடா, நாலு அறை வேணும்னா குடுடா" என்று அழுதாள். "வூட்டுக்கு வாக்கா, பசிக்குது" என்றான் அமீர்.

பத்து நாளில் அந்த மனுவின் விசாரணையும் வாசலுக்கு வந்தது. ஒரு போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, கராச்சியிலிருக்கும் அமீர் என்பவர் இந்த வீட்டுப் பிள்ளைதானா என்று கேட்டார். மரியத்துக்கு உயிர் வந்தது. பிறந்த வருஷம், படித்த பள்ளிக்கூடம், உம்மாவை அடக்கம் செய்த இடம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அக்கம்பக்கத்துச் சாட்சிக்குச் சுகிர்தத்தையும் கூட்டி வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. போலீஸ்காரர் தேநீரும் குடித்தார். கடைசியில், "சரி, அங்க இப்ப எந்த விலாசத்துல கீறாரு?" என்றார்.

அதற்குள் அமீர் தண்ணீர்ப் பானையோடு கொல்லைப்புறத்திலிருந்து வந்துவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை. பர்மிட்டை எடுத்துக் காட்டினான்.

போலீஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்க கீற ஆளை இங்க வுடலாமான்னு விசாரிக்கத்தான்மா என்னை அனுப்பிச்சாங்கோ. ஆளு இங்கியே கீறாரே. அதுவும் திரும்பிப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டு. நான் இத்தினி நேரம் எழுதுனதுக்குக் கீழ அதையும் எழுதித்தான் ஆவணும்" என்றார். நல்ல மனிதர். போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார். தற்காலிகப் பர்மிட்டில் வந்துவிட்டபடியால் மனு தள்ளுபடி என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் பதில் வந்தது.

ஜார்ஜ் எவ்வளவோ தள்ளிப் பார்த்தார். ஜூலை முப்பத்தொன்றுவரை அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. அப்புறம் முடியவில்லை. சொல்ல வந்தவர் வாசலிலேயே நின்று தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். "வேற பையனப் போட்டுட்டாங்க மாமு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எண்ணூர்ல என் மச்சான் வூடு கீது. கடல் ஓரம், ஒரு பய வர மாட்டான். பர்மிட்டு கிர்மிட்டெல்லாம் கிழிச்சுக் கடல்ல போட்டுட்டு அங்க வந்து இருக்கட்டும்" என்றார்.

மரியம் ஆசையோடு தம்பியைப் பார்த்தாள். அமீர் மாட்டேன் என்று தலையாட்டினான். "பொறந்த ஊர்ல ஒளிஞ்சுகினு இருக்கச் சொல்றீங்களா மாமா? எத்தினி நாளைக்கு?" என்றான். ஜார்ஜ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒரு மாதம் நீட்டிப்பு வாங்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்பாவுக்கு உடம்பு இன்னும் தேறவில்லை என்று டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். போலீஸ் வந்து பார்த்தாலும் பார்க்கும். ஆகவே, முப்பத்தோரு வருஷம் லீவு போடாத அப்துல் வஹாப் பாயைப் போட்டுப் படுத்தார். மகன் இன்னும் முப்பது நாள் கண் முன்னால் இருப்பானென்றால் அவர் எதுவும் செய்திருப்பார். தெருவுக்குப் போகவில்லை, மீன்காரியோடு சண்டை இல்லை, யாராவது செருப்புச் சத்தம் கேட்டால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார். முதல் இரண்டு நாள் வீட்டில் அதற்குச் சிரிப்புக்கூட வந்தது. ஒரு மாத நீட்டிப்பும் கிடைத்தது. மூன்றாம் வாரம் அவரே கூப்பிட்டார்.

"மரியம், ஒண்ணு கேக்கணும். நான் மெய்யாலுமே மவுத்தாயிட்டா இவன இன்னும் கொஞ்ச நாளைக்கி இருக்க வுடுவாங்களா? அந்த ஆபீசர் ஐயாவாண்ட கேட்டுப் பாரேன்."

மரியம் அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறிவிட்டாள். "நான் பாவி அத்தா, எல்லாம் என்னாலதான், என் வாயாலதான்" என்று அழுதாள். வஹாப் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "நீ இன்னா பண்ணுவே? கூப்புட்டா வந்துடுவான்னு நெனச்சே. வந்தானே" என்றார். அமீர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு அமீர் ராயபுரத்துக்கு வந்தது வாழ்நாளில் இரண்டே தடவை. இரண்டு தடவையும் பாஸ்போர்ட்டும் விசாவுமாக, நாள் எண்ணிக்கொண்டு, விருந்தாளியாகத்தான். கராச்சித் துறைமுகத்தில் நல்ல வேலை கிடைத்தது, அங்கேயே நிக்காஹ் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். அத்தா மவுத்தானபோது மையத்தை எடுக்க அவன் வரவில்லை, விசா ஒரு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. மரியம் கண்பார்வை மங்கும்வரை கோணி தைத்தாள். இதெல்லாம் பின்னால் நடந்தவை. அவன் புறப்பட்ட அன்றைக்கு நடந்ததை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கூட இருந்த சுகிர்தம் சொல்லித்தான் தெரியும்.

செப்டம்பர் இருபத்தைந்து, காலை பத்து மணி. ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை. புறப்படுகிறேன் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். ரைட்டர் ஒரு பாரத்தை எடுத்து நிரப்பிக்கொண்டே வந்தார். பெயர், தகப்பன் பெயர், வயசு.

"சொந்த ஊரு?" என்றார்.

"ராயபுரம்" என்றான் அமீர்.

ரைட்டர் பேனாவை நிறுத்தினார். "தம்பி, நீ அங்கே கையெழுத்துப் போட்ட காயிதத்துல கராச்சின்னு கீது. இதுல நான் ராயபுரம்னு எழுதுனா ரெண்டும் ஒத்துப்போவாது. பம்பாய்ல கப்பல் ஏற வுட மாட்டான், இங்க தங்குற பர்மிட்டும் இன்னையோட முடியுது. உள்ளதான் வெப்பான். யோசிச்சுச் சொல்லு."

அமீர் பர்மிட்டை மடித்து, மறுபடி பிரித்தான்.

"சொல்லு தம்பி. நானா எழுதக்கூடாது, நீதான் சொல்லணும்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். வந்த அன்றைக்கு அழுததற்கப்புறம் மூன்று மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன். இப்போது உதடு கோணிக்கொண்டு போயிற்று. மறுபடியும் "ராயபுரம்" என்றுதான் சொல்வான் போலிருந்தது. சுவரில் கடிகாரம் பத்தேகாலைத் தாண்டியது. மரியம் மேஜைக்கு அருகில் போனாள்.

"கராச்சின்னு எழுதிக்கோங்க சார்," என்றாள். "என் தம்பிக்கு ஊரு கராச்சி."

ரைட்டர் அமீரைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையை அசைத்தான். அவர் எழுதி, மை காயும்வரை ஊதி, காகிதத்தை அவன் கையில் கொடுத்தார்.